திருப்பிச் சொல்லாத மூன்று

அந்தப் பல் மருத்துவமனையின் ஈறுப் பிரிவில் ஒரு வேலை இருக்கிறது. டாக்டர் ஓர் எண்ணைச் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் அதே எண்ணை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டு அட்டையில் எழுத வேண்டும். டாக்டர் “ரெண்டு” என்றால் இவரும் “ரெண்டு”. டாக்டர் “நாலு” என்றால் இவரும் “நாலு”. இதற்கு ஒரு மனுஷி எதற்கு, சுவர் போதாதா என்று நிர்வாகக் கூட்டத்தில் ஒருமுறை கேட்டார்கள். சுவருக்கு எழுத வராது என்று யாரோ ஞாபகப்படுத்தியதால் அந்த வேலை தப்பியது.

அந்த வேலையில் இருப்பவருக்குப் பயிற்சி டாக்டர்கள் வைத்த பெயர் எதிரொலி. முகத்துக்கு நேரே ‘அக்கா’, முதுகுக்குப் பின்னால் ‘எதிரொலி’. அவருக்கு இரண்டும் தெரியும். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடலாம். மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. டாக்டர் அதை ஈறோரம் வைத்து, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் அளப்பார். முப்பத்திரண்டு பல்லுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு எண்கள். டாக்டரின் வாய் முகக்கவசத்துக்குள், கை நோயாளியின் வாய்க்குள், கண் கம்பியின் மேல். சொன்னது சரியாகக் காதில் விழுந்ததா என்று தெரிய ஒரே வழி, திருப்பிச் சொல்வது. திருப்பிச் சொல்லாதவரை டாக்டர் கம்பியை அடுத்த இடத்துக்கு நகர்த்தக் கூடாது. மருத்துவமனையில் எல்லோரும் கடைப்பிடிக்கிற விதி அநேகமாக இது ஒன்றுதான். கை கழுவுகிற விதிக்குக்கூட இத்தனை மரியாதை இல்லை.

எதிரொலி அக்காவுக்கு எண்கள் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன்பு பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். எந்த வண்டி எந்த நடைமேடை என்று நாள் முழுக்கச் சொல்லுவார். குரல் தெளிவாக இருக்கிறது என்று மேலாளர் பாராட்டினார். பாராட்டிய கையோடு அந்தக் குரலைப் பதிவு செய்து ஒரு பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, குரலுக்குச் சொந்தக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இன்றைக்கும் அவர் ஊருக்குப் போகப் பேருந்து நிலையம் போனால், வழியில் நிற்காமல் ஒதுங்கி நிற்கும்படி அவருடைய குரலே அவரை அதட்டும்.

அடுத்த பதினொரு வருடம் இதே மருத்துவமனையின் குழந்தைகள் பல் பிரிவில். அங்கே அவர் வேலை, பிடிப்பது. ஒரு கையால் குழந்தையின் தலையை, இன்னொரு கையால் அதன் அம்மாவை. இடது ஆள்காட்டி விரலில் மூன்று கடித்தழும்புகள் இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு குழந்தைகள். இந்தப் பதினொரு வருடத்தில் அவர் பார்த்த அளவுக்கு விழுந்த பல், முளைத்த பல், பாதி முளைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிற பல் எல்லாவற்றையும் அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் பார்த்ததில்லை. ஆனால் அதற்குச் சான்றிதழ் கொடுக்கிற வழக்கம் இல்லாததால், அது கணக்கில் வரவில்லை.

பிறகு குழந்தைகள் பிரிவைப் பெயின்ட் அடிப்பதற்காக மூடினார்கள். அவரை ஈறுப் பிரிவுக்கு மாற்றினார்கள். பெயின்ட் காய எட்டு வருடம் ஆனது.

எட்டாவது வருடம் கதவு திறந்தபோது, உள்ளே குழந்தைகள் பல் பிரிவு இல்லை. ‘குழந்தைகள் ஈறு அறுவைச் சிகிச்சை மையம்’ இருந்தது. சுவரில் ஒட்டகச்சிவிங்கி, யானை, சிரிக்கிற முதலை. முதலையின் ஈறுகள் இளஞ்சிவப்பாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. பார்க்கிற குழந்தைக்குப் பொறாமை வர வேண்டும் என்பது திட்டமாக இருக்கலாம்.

மையத்தைக் கொண்டுவந்தவர் ஈறுப் பிரிவின் தலைவர். பெரியவர்களின் ஈறுகளில் கைதேர்ந்தவர். அதில் கிண்டல் இல்லை, நிஜமாகவே கைதேர்ந்தவர். ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரிகிறவர்களுக்கு அவர் செய்கிற அறுவையைப் பார்க்க வெளியிலிருந்து டாக்டர்கள் வருவார்கள். மேல் அண்ணத்திலிருந்து நகத்தளவு ஒரு துண்டை வெட்டியெடுத்து, வேர் தெரிகிற இடத்தில் வைத்து, தலைமுடியை விட மெல்லிய நூலால் தைப்பார். ஒரு மாதத்தில் ஒட்டிக்கொள்ளும். அண்ணத்தில் வெட்டிய இடம்தான் பத்து நாள் எரியும். சூடாக ஒன்றும் வாயில் வைக்க முடியாது. வளர்ந்த ஆண்கள் குழந்தை மாதிரி அழுவார்கள். குழந்தைகள் எப்படி அழும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அங்கே இதுவரை ஒரு குழந்தைக்கும் செய்ததில்லை.

அதுதான் பிரச்சினை. குழந்தைகளுக்கு ஈறு இறங்குவது அபூர்வம். அறுவை செய்யும் அளவுக்கு இறங்குவது அதைவிட அபூர்வம். இது மையம் கட்டுவதற்கு முன்பும் உண்மையாகத்தான் இருந்தது. ஆனால் கட்டடக் குழுவில் அதை யாரும் கேட்கவில்லை. நான்கு மாதம் மையம் திறந்தே கிடந்தது. குட்டி நாற்காலிகளில் பயிற்சி டாக்டர்கள் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். முழங்கால் தாடையில் இடித்தது. தலைவர் தினமும் காலையில் வந்து, “ஏதாவது வந்துச்சா?” என்று கேட்பார். பெண் பார்க்க வருகிறவர்களை எதிர்பார்க்கிற தகப்பன் கேட்பது போல இருக்கும். அடுத்த மாத மாநாட்டு அழைப்பிதழில் அவருடைய உரைக்குத் தலைப்புகூட அச்சாகிவிட்டது: ‘குழந்தைகளில் ஈறு அறுவை: எங்கள் அனுபவம்’. அனுபவம் மட்டும்தான் பாக்கி.

குழந்தை தானாக வரவில்லை என்றால் நாமே போக வேண்டும். ஒரு பயிற்சி டாக்டரம்மாவைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அவர் ஒரு நாளில் இருநூற்றுப் பத்து வாய்களைப் பார்த்தார். கூட யாரும் போகவில்லை. எண்ணைச் சொல்ல ஆள் இருந்தது, திருப்பிச் சொல்ல ஆள் இல்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு வாயில் டாக்டரம்மா நின்றார். கீழ் வரிசை நடுப்பல் ஒன்று பக்கத்துப் பல்லை விட நீளமாகத் தெரிந்தது. ‘ஈறு இறக்கம், மூன்று மில்லிமீட்டர்’ என்று எழுதி, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். மூன்று என்பது அறுவைக்குத் தோதான எண். தலைவர் அந்தப் பெயரைப் பார்த்ததும் பயிற்சி டாக்டரம்மாவுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாராம். அந்தப் பிரிவில் அது பதக்கத்துக்குச் சமம்.

அந்த வாய்க்குச் சொந்தக்காரிக்கு ஏழு வயது. வீட்டில் அவள் பெயர் ரேடியோ. அணைக்கப் பொத்தான் இல்லாத ரேடியோ. அவள் அம்மா தபால் நிலையத்தில் பார்சல் கவுண்ட்டரில் இருக்கிறார். அறுவைக்கு முதல் நாள் ரத்தப் பரிசோதனைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எதிரொலி அக்கா அப்போதுதான் அவளை முதல்முறை பார்த்தார், நடைபாதையில்.

“ஆன்ட்டி, அந்த முதலை ஏன் சிரிக்குது?” என்றாள் ரேடியோ.

“உன்னைப் பாத்துதான்.”

“பொய். நான் வர்றதுக்கு முன்னாடியே சிரிச்சிட்டிருந்துச்சு.”

“நீ வருவேன்னு தெரிஞ்சிருக்கும்.”

அதற்கு அவள் வாயைத் திறந்து சிரித்தாள். அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. கீழ் வரிசையில் ஒரு பல் முழுசாக முளைத்துக் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கிறது. பக்கத்தில் இருப்பது பாதிதான் முளைத்திருக்கிறது, இன்னும் ஈறுக்குள் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டான், தம்பி இன்னும் எழவில்லை. இதைப் பார்த்து அண்ணனுக்குப் போர்வை நழுவிவிட்டது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். ஈறு நிஜமாக இறங்கியிருந்தால் பல்லின் கழுத்துக்குக் கீழே, அதாவது வெள்ளை முடிகிற கோட்டுக்குக் கீழே, வேர் மஞ்சளாகத் தெரியும். இவளுக்கு வெள்ளைதான் தெரிந்தது. பத்து வயதுக்குள் இரண்டும் சமமாகிவிடும். பதினொரு வருடத்தில் இப்படிப் பல நூறு வாய்களைப் பிடித்திருக்கிறார் அவர்.

“எத்தனை நாள்ல சாப்பிடலாம் அக்கா?” என்று ரேடியோவின் அம்மா கேட்டார். “நாளையிலேருந்து பத்து நாள் லீவு போட்டிருக்கேன். ஐஸ்கிரீம் வாங்கி ஃப்ரிட்ஜ் நிறைய வெச்சிருக்கேன். எங்க மேலதிகாரிகிட்ட லீவு வாங்கறது பல்லைப் புடுங்கற மாதிரி.”

“டாக்டர் சொல்லுவாங்க” என்றார் அக்கா. டாக்டர்கள் சொன்னதைச் சொல்வதுதான் அவர் வேலை. சொல்லாததைச் சொல்வதற்கு அட்டையில் இடமில்லை.

அன்று மதியம் பயிற்சி டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்தார்.

“டாக்டர், அந்த மூணு எங்கேருந்து அளந்தீங்க?”

“எங்கேருந்துன்னா? பக்கத்துப் பல்லோட ஈறுலேருந்து. லைன் தெரியுதே அக்கா.”

“பல்லோட கழுத்துலேருந்து அளக்கலையா?”

பெரியவர்களின் வாயில் ஈறு வரிசை மட்டமாக இருக்கும். பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டால் வேலை சீக்கிரம் முடியும், எண்ணும் பெரும்பாலும் சரியாக வரும். பெரியவர்களின் வாயை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் செய்கிற தப்பு அது. வேறு யாரும் இதைச் செய்யக்கூட முடியாது. இந்தத் தப்பைச் செய்ய எட்டு வருடம் படித்திருக்க வேண்டும்.

“சார் போட்டோ பாத்து ஓகே பண்ணிட்டாரே அக்கா.”

“போட்டோல கழுத்து தெரியாது.”

“இப்ப நான் போய்ச் சொன்னா என்னோட முடிவுத் தேர்வுக்கு யார் மார்க் போடுவா? நீங்க போடுவீங்களா?”

“எனக்கும் அவர்தான் வருஷா வருஷம் கையெழுத்து போடறார்.”

“அப்புறம் என்ன?” என்றார் டாக்டரம்மா, நிம்மதியாக. இரண்டு பேர் ஒரே மாதிரி பயப்பட்டால் அது பயமில்லை, நடைமுறை.

சாயங்காலம் வீட்டில் அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே புருஷனிடம் சொன்னார். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பாதிச் சாப்பாட்டில் போன் வந்தால், யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று எழுந்து ஓடுகிற உத்தியோகம்.

“மூணு மில்லிமீட்டருக்கா இவ்வளவு யோசனை?” என்றார் அவர். “எங்க லிஃப்ட் மூணு மில்லிமீட்டர் தள்ளி நின்னா நாங்க அதை ‘சரியா நின்னுச்சு’ன்னு எழுதுவோம்.”

“உங்க லிஃப்ட்டுக்கு அண்ணத்துல வெட்ட மாட்டாங்க.”

“சரி, சொல்லிடு.”

“சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும். நீ வீட்ல இருப்ப. தினமும் என்னை அளப்ப.” தட்டைத் தள்ளிவிட்டு, “அதுக்கு நீ பேசாமலே இருந்துடு” என்றார். அது அறிவுரையா நக்கலா என்று அவருக்கே தெளிவாக இருந்ததாகத் தெரியவில்லை. அக்கா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. வெண்டைக்காய்கள் எல்லாம் ஒரே அளவில் விழுந்தன.

மறுநாள் காலை மையம் களைகட்டியிருந்தது. முதல் அறுவை. வெளியே பலூன். உள்ளே தலைவர், பயிற்சி டாக்டரம்மா, எதிரொலி அக்கா, மருத்துவமனைச் செய்திமடலுக்குப் படம் எடுக்க ஒரு போட்டோகிராபர். சுவரோரம் ஸ்டூலில் ரேடியோவின் அம்மா. ஊசி போடும்வரை அவர் இருக்கலாம் என்று அனுமதி. பெரிய நாற்காலியில் பச்சைத் துணிக்கு நடுவே ரேடியோ, வாய் திறந்த நிலையில். கன்னத்தை விலக்குகிற பிளாஸ்டிக் வளையம் வாயில் மாட்டியிருந்தது. அதோடும் பேச முயன்றாள். யாருக்கும் புரியவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

ஊசிக்கு முன் அளவை மறுபடி அட்டையில் ஏற்ற வேண்டும். இந்த எண் அட்டையில் ஏறினால்தான் கத்தியைத் தொடலாம். தலைவர் கம்பியை வைத்தார். மணியைப் பார்த்தார். பக்கத்துப் பல்லின் ஈறைப் பார்த்தார்.

“கீழ் நடுப்பல். மூணு.”

சத்தமில்லை.

அவர் கம்பி நகரவில்லை. முப்பது வருடப் பழக்கம். எதிரொலி வராமல் அந்தக் கை நகராது.

“மூணு” என்றார் மறுபடி, கொஞ்சம் உரக்க.

போட்டோகிராபர் கேமராவை இறக்கினார். பயிற்சி டாக்டரம்மா தரையில் எதையோ தேட ஆரம்பித்தார். தரையில் ஒன்றும் இல்லை.

“என்னம்மா, காது கேக்கலையா?”

“கேட்டுச்சு சார்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

அக்காவின் பேனா அட்டைக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. “எங்கேருந்து மூணு சார்?” என்றார்.

இப்படி ஒரு கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. எதிரொலி கேள்வி கேட்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

“எங்கேருந்துன்னா? கண்ணாலயே தெரியுதே. பக்கத்து ஈறைப் பாருங்க.”

“பக்கத்துப் பல்லு இன்னும் முழுசா முளைக்கல சார். அதோட ஈறு இன்னும் இறங்கவே ஆரம்பிக்கல. இந்தப் பல்லுல வேர் எங்க தெரியுது சார்?”

“நீங்க எப்ப டாக்டர் ஆனீங்க?”

“ஆகல சார். பாத்திருக்கேன்.”

தலைவர் குனிந்தார். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல இது ஒன்று இருக்கிறது, சொல்லிவிட வேண்டும். கோபத்திலும் குனிந்து பார்த்தார். கண்ணாடிமேல் இருந்த உருப்பெருக்கியை இறக்கி, காற்றூதியால் ஈறோரத்தைக் காயவைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வேர் இல்லை. பல்லின் கழுத்து ஈறுக்குள் பத்திரமாக இருந்தது. ஏழு வயது வாய் ஒன்றை அவர் கடைசியாக இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது எப்போது என்று கேட்டிருந்தால், அவருக்கே நினைவில்லாமல் போயிருக்கும்.

நிமிர்ந்து கையுறையைக் கழற்றினார்.

“இன்னைக்கு வேண்டாம். ‘குழந்தை ஒத்துழைக்கவில்லை’ன்னு எழுதுங்க.”

இந்த இரண்டு வார்த்தையின் அருமை வெளியாட்களுக்குத் தெரியாது. மருத்துவமனையில் தவறிப்போன திட்டம், உடைந்த கருவி, மறந்துபோன ஊசி எல்லாவற்றையும் புதைக்கிற குழி அது. புதைத்துவிட்டால் மேலே புல் முளைக்கும். ஒரே ஒரு சிக்கல். ஒத்துழைக்கவில்லை என்று எழுதினால் அந்தப் பெயர் தானாக அடுத்த பட்டியலுக்குப் போகும். முழு மயக்கம் கொடுத்து அறுவை செய்கிறவர்களின் பட்டியல். அங்கே மயக்க டாக்டர் இருப்பார், வேறொரு அறுவை டாக்டர் இருப்பார், தூங்குகிற குழந்தை இருக்கும். மூன்று என்று சொன்னால் மூன்று என்று எழுத வேறு யாராவது இருப்பார்கள். இது தலைவருக்கும் தெரியும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்ட விஷயங்களால்தான் அந்தக் கட்டடமே நிற்கிறது.

அக்காவின் பேனா இறங்கவில்லை. ஒரு காலையில் இரண்டாவது முறை. ஆனால் இந்தத் தடவை அவருக்கு முன்னால் வேறொருவர் பேசிவிட்டார். ரேடியோ வாயிலிருந்து பிளாஸ்டிக் வளையத்தைத் தானே பிடுங்கி எறிந்தாள்.

“நான் ஒத்துழைச்சேன்!”

“இரும்மா...” என்றார் பயிற்சி டாக்டரம்மா.

“எவ்வளவு நேரம் வாயைத் தொறந்து வெச்சிருந்தேன்! எச்சில்கூட முழுங்கல! அம்மா, நான் ஒத்துழைச்சேன்ல?”

அதுவரை ஸ்டூலில் இருந்த அம்மா எழுந்தார். அறுவை இன்று இல்லை என்பதிலேயே அவருக்குப் பாதிக் கோபம் ஏறியிருந்தது. மீதிப் பாதியை அந்த வார்த்தை ஏற்றிவிட்டது.

“சார், என் பொண்ணு வீட்ல ஒத்துழைக்க மாட்டா. பள்ளிக்கூடத்துல ஒத்துழைக்க மாட்டா. ஆனா இங்க நான் பாத்துட்டுதானே இருந்தேன்? சிலை மாதிரி படுத்திருந்தா.”

“அது ஒரு ஃபார்மாலிட்டிம்மா. காரணம்னு ஏதாவது போடணும்.”

“ஏதாவதா?” தபால் நிலையக் கவுண்ட்டர் அந்த அறைக்குள் வந்து நின்றது. “நாங்க ஒரு பார்சலைத் திருப்பி அனுப்பினாலும் உண்மையான காரணம் எழுதணும் சார். ஆள் இருக்கும்போது ‘வீட்டில் ஆள் இல்லை’ன்னு எழுதினா எங்களுக்கு மெமோ வரும். அந்த அக்கா என்னமோ கேட்டாங்களே, எங்கேருந்து மூணுன்னு. அதுக்கு என்ன பதில்?”

தலைவர் அக்காவைப் பார்த்தார். அக்கா அட்டையைப் பார்த்தார். போட்டோகிராபர் கதவைப் பார்த்தார். ரேடியோ மட்டும் எல்லோரையும் பார்த்தாள், அவளுக்கு நன்றாகப் பொழுது போய்க்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் தலைவர் கத்தியிருக்கலாம். அதற்குப் பதிலாக அவர் புதிய கையுறை ஒன்றை மாட்டினார். “படுத்துக்கோ கண்ணு, ஒரே நிமிஷம்” என்றார். இந்தமுறை கம்பியைப் பல்லின் கழுத்தில் வைத்தார்.

“பூஜ்யம்” என்றார். முகக்கவசத்துக்குள் அது மெதுவாகத்தான் வந்தது.

“பூஜ்யம்” என்றார் அக்கா, பேருந்து நிலையத்தின் கடைசி நடைமேடைவரை கேட்கிற குரலில். எழுதினார்.

காரணம் எழுதுகிற கட்டத்துக்கு இன்னும் பத்து நிமிடம் ஆனது. தலைவர் சொன்ன முதல் வாசகம் நான்கு வரி ஓடியது, அதில் எந்தப் பொருளும் இல்லை. அம்மா அதை மறுத்தார். இரண்டாவதில் பொருள் இருந்தது, ஆனால் அது டாக்டர்களுக்கு மட்டும் புரியும். அதையும் மறுத்தார். கடைசியில் எழுதியது இது: ‘ஈறு இறங்கவில்லை. பக்கத்துப் பல் இன்னும் முளைக்கிறது. அறுவை தேவையில்லை. மென்மையான பிரஷ்ஷால் துலக்கவும். ஆறு மாதத்தில் பார்க்கவும்.’

“அளவு தப்புன்னு போட வேண்டாமா?” என்று அம்மா கேட்டார்.

தலைவர் நெற்றியைத் துடைத்தார்.

“சரி, விடுங்க” என்றார் அம்மா. “யாரு தப்புன்னு நாங்களும் எழுதறதில்ல.”

பச்சைத் துணியை விலக்கி ரேடியோவை இறக்கினார்கள். போட்டோகிராபர் வந்ததற்கு ஒரு படம் எடுத்தார், முதலைக்குப் பக்கத்தில். அடுத்த வாரச் செய்திமடலில் அந்தப் படம் வந்தது. ‘மையத்தின் முதல் பயனாளி முழுநலத்துடன் வீடு திரும்பினார்’ என்று கீழே போட்டிருந்தார்கள். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

நடைபாதையில் அம்மா அட்டையின் நகலை மடித்துப் பைக்குள் வைத்தார். எதிரொலி அக்கா கூடவே வாசல்வரை வந்தார். ஒரு நன்றி வரும் என்று எதிர்பார்த்தாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வார். ஆனால் வாசல்வரை ஏன் வந்தார் என்பதற்கு அவரிடம் வேறு பதில் இல்லை.

“அக்கா, நேத்து இங்கதானே நின்னுட்டிருந்தோம்? இவ வாயைத் தொறந்து சிரிச்சப்ப நீங்க முகத்தை மாத்தினீங்களே. அப்பவே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல? ராத்திரி பூரா இவ தூங்கல. அண்ணத்துல வெட்டினா சிரிக்க முடியுமான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. ரேடியோ அப்படிப் பயந்து நான் பாத்ததே இல்ல.”

அவர் திட்டவில்லை. கவுண்ட்டரில் தப்பான படிவம் கொடுத்தவரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஐஸ்கிரீமை யார் தின்பது என்று புலம்பிக்கொண்டே படியிறங்கிப் போனார். நான் தின்கிறேன் என்று ரேடியோ ஒத்துழைத்தாள்.

பத்தொன்பது வருடத்தில் அக்காவைத் திட்டியவர்கள் நிறையப் பேர். கடித்தவர்கள் மூன்று பேர். இந்த அளவுக்கு யாரும் வலிக்கச் செய்ததில்லை. தலைவர் எதிரில் வாயைத் திறந்தது பெரிய தைரியம் என்று பயிற்சி டாக்டரம்மா அன்று மதியம் புகழ்ந்தார். அக்காவின் கணக்கில் அந்தப் புகழ்ச்சியில் ஒரு ராத்திரி குறைந்தது, ரேடியோ தூங்காத ராத்திரி.

மறுவாரம் பள்ளிகளுக்குப் போகிற வண்டியில் கூட ஏறிக்கொண்டார். யாரும் போகச் சொல்லவில்லை, போகக் கூடாது என்றும் சொல்லவில்லை. தலைவர் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டார். அந்தப் பிரிவில் அதுதான் அனுமதி. மூன்று பள்ளிகள், ஐந்நூறு வாய்கள். டாக்டரம்மா கழுத்திலிருந்து அளந்து சொல்ல, அக்கா திருப்பிச் சொன்னார். பெரும்பாலும் பூஜ்யம்.

மூன்றாவது பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. கீழுதட்டின் உட்பக்கத் தசைநார் குட்டையாக இருந்து, பேசும்போதெல்லாம் ஈறைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. வேர் மஞ்சளாகத் தெரிந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது என்று சொன்னாள்.

“நாலு” என்றார் டாக்டரம்மா.

அக்கா எட்டிப் பார்த்தார். “நாலு” என்றார். எழுதினார்.

பிறகு பள்ளி அலுவலகத்தில் போனைக் கேட்டு வாங்கி, அந்தப் பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டார். ஈறு நிஜமாகவே இறங்கியிருக்கிறது, அந்த நாரை விடுவித்து அண்ணத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தைக்க வேண்டியிருக்கும் என்று தெரிகிறது, முடிவைப் பெரிய டாக்டர் பார்த்துச் சொல்வார், செய்தால் பத்து நாள் எரியும், சிரிக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“இதெல்லாம் டாக்டர்தானே சொல்லணும்? நீங்க யாரு?” என்றார் அப்பா.

“அளவு எழுதறவங்க” என்றார் அக்கா. “இன்னைக்கே சொல்லிடலாம்னு கூப்பிட்டேன்.”